நின்ற நடுக்கமும் ஏறிய எடையும்

பார்க்கின்சன் நோய்க்கு மூளையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் எதிர்பாராமல் பருத்துப்போவது ஏன்? தோல் தொழிலாளர் வாழும் ஆலங்காயத்துப் பக்கத்திலிருந்து ஒரு விசாரணை.

நோயில் கிடந்த ஒருவர் பிழைத்து எழுந்தார் என்பதைச் சொல்ல நம் ஜனங்களுக்கு ஒரே ஒரு வாக்கியம் போதும்: “உடம்பு தேறிவிட்டது.” காய்ச்சலில் கிடந்தவரானாலும், பிரசவித்து எழுந்தவளானாலும், வெளியூருக்குப் பிழைக்கப் போய்த் திரும்பிய பிள்ளையானாலும், கன்னத்தில் சதை பிடித்திருந்தால் க்ஷேமம் என்றும் கழுத்தெலும்பு தெரிந்தால் கஷ்டம் என்றும் கண்ணாலேயே நிறுத்துவிடும் வழக்கம், பல தலைமுறைப் பஞ்சங்களின் வழியாக நமக்கு வந்து சேர்ந்த ஒரு ஞானம். அந்த ஞானத்தைப் பழிப்பதற்கில்லை; நூற்றில் தொண்ணூறு சந்தர்ப்பங்களில் அது பலித்தும் வருகிறது. ஆனால் அது வழிதவறிவிடுகிற ஓர் இடம் உண்டு. கைநடுக்கத்துக்காக மூளையில் மின்முனை பொருத்திக்கொண்டு வீடு திரும்பிய ஒருவர் மாதத்துக்கு மாதம் பூரித்து வரும்போது, “தேறிவிட்டார்” என்று சுற்றம் மகிழ்ந்துகொண்டிருக்க, அவருடைய முழங்காலும் இரத்தத்துச் சர்க்கரையும் வேறொரு கணக்கை எழுதிக்கொண்டிருக்கக்கூடும்.

பெல்ட்டில் விழுந்த துளைகள்

ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் இருக்கிற ஆலங்காயத்திலிருந்து விடியற்காலையில் புறப்படும் பஸ்களிலும் கம்பெனி வேன்களிலும் வாணியம்பாடிக்கும் ஆம்பூருக்கும் போகிறவர்களில் பலர் தோலையும் செருப்பையும் நம்பிப் பிழைப்பவர்கள். அவர்களுள் ஒருவரை, இன்னார் என்று குறிப்பிடாமல், இப்பக்கத்துத் தெரு எதிலும் இருக்கக்கூடியவராக மனத்தில் நிறுத்திக்கொள்வோம். வயது 58. முப்பது வருஷம் ஷூ கம்பெனியில் கட்டிங் வேலை. மேஜைமேல் விரித்த தோலை உள்ளங்கையால் ஒருமுறை தடவியதுமே, அது எந்தப் பக்கம் இழுபடும், எங்கே உண்ணி கடித்த தழும்பு இருக்கிறது, முதுகுப்புறத்து நல்ல தோலில் எத்தனை ஜோடி தேறும் என்று சொல்லிவிடுகிற கை அவருடையது. அந்தக் கை முதன்முதலில் நடுங்கியது கத்தி பிடித்தபோதன்று. டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டு மடியில் சும்மா கிடந்தபோது. பெருவிரலும் ஆள்காட்டிவிரலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு மாத்திரையை உருட்டுவதுபோல ஓயாமல் அசைந்தன. வேலை செய்யும்போது அடங்கி, ஓய்விலிருக்கும்போது தலைகாட்டுகிற இந்த விசித்திரந்தான் பார்க்கின்சன் நோயின் முத்திரை.

நடுக்கத்தின் பின்னால் விறைப்பும் மந்தகதியும் வந்தன. அவற்றோடு, யாரும் அதிகமாகக் கவனிக்காத நாலாவது விஷயமாக, அவர் இளைத்தார். தோல்காரர் அல்லவா, இடுப்பு நழுவும்போதெல்லாம் பெல்ட்டில் தம் கையாலேயே ஒரு புதிய துளை குத்திக்கொண்டார். பத்து ஆண்டுகளில் மூன்று துளைகள். 62 கிலோ இருந்தவர் 54 கிலோவானார். இந்த எடையிறக்கம் நம் கற்பனைத் தொழிலாளிக்கு மட்டும் நேர்ந்ததன்று. பார்க்கின்சன் நோயாளிகள் பலர், நோய் இன்னதென்று கண்டுபிடிக்கப்படுவதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே எடை குறையத் தொடங்குகிறார்கள் என்பது வைத்திய உலகம் உறுதிசெய்திருக்கும் உண்மை. வாசனையறியும் சக்தி மங்குவதால் உணவில் ருசி குன்றுகிறது, விழுங்குவது சிரமமாகிறது, மலச்சிக்கல் வயிற்றை மந்தமாக்குகிறது, மாத்திரைகள் குமட்டலை உண்டாக்குகின்றன, கையிலெடுத்த கவளம் வாய்க்குப் போகுமுன் பாதி இலையிலேயே சிந்துகிறது. இத்தனை தடைகளையும் தாண்டி உள்ளே போன சொற்பமான சோற்றையும், ஓயாத நடுக்கமும் விறைத்த தசைகளும் பங்குபோட்டுத் தின்றுவிடுகின்றன.

பூனைக்காலியும் சென்னை ஆராய்ச்சியும்

கம்பவாதம் என்று நம் வைத்திய நூல்கள் பெயரிட்டழைத்த இந்நோயை, 1817ஆம் ஆண்டில் இலண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பார்க்கின்சன் ஆறு பேருடைய நிலைமையை ஆதாரமாகக் கொண்டு ஒரு சிறு நூலில் விவரித்தார். அந்த அறுவரிலும் சிலர் அவர் தெருவில் கண்ட மனிதர்கள்தாம். காரணம் தெரிய இன்னும் ஒரு நூற்றாண்டுக்கு மேலாயிற்று. நடுமூளையில் கருநிறமாகத் தோன்றும் ஒரு பகுதியின் அணுக்கள் மெல்ல மெல்ல மடிகின்றன என்பதும், அவை சுரக்கிற டோபமின் என்ற பொருள் வற்றுவதால் அசைவுகளின் ஒழுங்கு குலைகிறது என்பதும் தெளிவானது 1960ஐ ஒட்டியே. சுவீடனின் ஆர்விட் கார்ல்சனும் வியன்னாவின் ஓலே ஹோர்னிகீவிச்சும் வழிகாட்ட, 1967இல் நியூயார்க்கில் ஜார்ஜ் கோட்சியாஸ், டோபமினாக மாறக்கூடிய டோபா என்னும் பொருளைப் பெரிய அளவுகளில் கொடுத்து, கட்டிலில் மரம்போல் கிடந்தவர்களை எழுந்து நடக்கச் செய்தார். அதன் செம்மையான வடிவமாகிய லெவோடோபாவே இன்றுவரை இந்நோய்க்குத் தலைமையான மருந்து.

இந்தக் கதையில் நமக்குச் சொந்தமான ஓர் ஏடு உண்டு. தொட்டால் தாங்கமுடியாத அரிப்பைத் தரும் சுணை நிறைந்த காய்களோடு நம் புதர்க்காடுகளில் படர்கிற பூனைக்காலியின் விதையிலிருந்து, இதே லெவோடோபாவை 1937ஆம் ஆண்டிலேயே சென்னைப் பல்கலைக்கழகத்து உயிர்இரசாயன ஆய்வுக்கூடத்தில் தாமோதரனும் இராமசாமியும் பிரித்தெடுத்து வெளியிட்டார்கள். உலகம் அதன் பிரயோஜனத்தை உணர முப்பது ஆண்டுகள் ஆயின. ‘மூலிகைதானே’ என்று பூனைக்காலிச் சூரணத்தையும் வைத்தியர் கொடுத்த மாத்திரையையும் ஒருசேர விழுங்குவது, ஒரே மருந்தை இருமுறை உண்பதற்குச் சமம் என்பதை இங்கேயே சொல்லிவிடுவது உத்தமம்.

லெவோடோபாவின் முதற்சில ஆண்டுகள் தேன்நிலவு போன்றவை. பிறகு மாத்திரை பிடித்திருக்கும் நேரம் சுருங்குகிறது. பிடித்திருக்கிற நேரத்திலோ உடம்பு பாம்புபோல் நெளிகிற வேண்டாத அசைவுகள் தோன்றுகின்றன. விறைத்துக் கிடப்பதும் நெளிந்து ஆடுவதுமாக நாள் முழுவதும் இரண்டு கரைகளுக்கிடையே அலைக்கழிகிற அந்தக் கட்டத்தில்தான் அறுவைச் சிகிச்சையைப் பற்றிய பேச்சு வருகிறது.

காராமணி அளவுள்ள ஓர் இடம்

மூளை அறுவைச் சிகிச்சை என்றதும் அயல்நாட்டை நினைக்க வேண்டியதில்லை. இந்தியாவின் முதல் நரம்பு அறுவைச் சிகிச்சைப் பிரிவு, ஆலங்காயத்தார் பெரிய நோய் எதற்கும் பஸ் ஏறுகிற அதே வேலூரின் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், 1949ஆம் ஆண்டு டாக்டர் ஜேக்கப் சாண்டியால் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டே சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் பா. ராமமூர்த்தி தம் பணியை ஆரம்பித்தார். மண்டையில் ஒரு சட்டத்தைப் பூட்டி, அளவுகோலின் துணையால் மூளையின் ஆழத்து இலக்கை எட்டுகிற நுட்பத்தை 1960களில் அவரும் டாக்டர் வி. பாலசுப்பிரமணியமும் டாக்டர் டி.எஸ். கனகாவும் சென்னையில் வளர்த்தெடுத்தார்கள். நாட்டின் முதல் பெண் நரம்பு அறுவை நிபுணராகிய கனகாவுக்கு, மூளைக்குள் நிலையான மின்முனைகளை இந்தியாவில் முதன்முதலில் பொருத்தியவர் என்ற பெயரும் உண்டு.

அக்காலத்தில் நடுக்கத்துக்குச் செய்த சிகிச்சை, மூளையின் ஒரு சிறு புள்ளியைச் சுட்டு அழிப்பது. அழித்ததை மீட்க முடியாது. 1987இல் பிரான்ஸ் தேசத்துக் கிரெனோபிள் நகரில் அலீம்-லூயி பெனாபிட் என்ற நிபுணர், அழிக்குமுன் இடத்தைச் சோதிக்கச் செலுத்திய மின்சாரத்தின் வேகத்தைக் கூட்டியபோது, சுடாமலே நடுக்கம் நிற்பதைக் கண்டார். அமெரிக்காவில் மாலன் டிலாங்கும் அவருடைய தோழர்களும் குரங்குகளில் செய்த சோதனைகள், சப்தாலமிக் நியூக்கிளியஸ் என்ற சிறிய உட்கருவே இந்நோயில் அளவுமீறிக் கூச்சலிடுகிற ஸ்தானம் என்று 1990இல் காட்டின. இரண்டும் சேர்ந்ததன் பயனாக, 1990களின் தொடக்கத்தில் அந்த உட்கருவிலேயே மின்முனை இறங்கிற்று. ஆழ்மூளைத் தூண்டல் என்று இன்று வழங்குகிற சிகிச்சை இதுவே. பெனாபிட், டிலாங் இருவருக்கும் 2014இல் லாஸ்கர் விருது கிடைத்தது. இந்தியாவிலும் கால் நூற்றாண்டுக்கு மேலாக இச்சிகிச்சை நடந்து வருகிறது.

அறுவை அரங்கில் நம் தொழிலாளி படுத்திருக்கும் காட்சியைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். முந்தைய இரவிலிருந்து மாத்திரை இல்லை. ஆகவே நடுக்கம் முழு ஆவேசத்தோடு இருக்கிறது. மரத்துப்போகும் ஊசி போட்டு, நெற்றியிலும் பின்மண்டையிலுமாக நான்கு திருகுகளால் உலோகச் சட்டம் பூட்டியிருக்கிறார்கள். ஆலங்காயத்துக்கு மேலே மலைமீதுள்ள காவலூரில் 1986 முதல் இயங்குகிற 2.34 மீட்டர்த் தொலைநோக்கி, இரண்டு எண்களைக் கொண்டு வானத்தில் ஒரு நட்சத்திரத்தைத் தேடிப் பிடிப்பதுபோல, இச்சட்டத்தின் மூன்று எண்களைக் கொண்டு மூளையின் ஆழத்தில் ஒரு புள்ளியைத் தேடிப் பிடிக்கிறார்கள். அந்தப் புள்ளி ஒரு காராமணிப் பயற்றின் அளவும் ஏறக்குறைய அதன் வடிவமும் உடையது. உள்ளே போகிற மின்முனையின் கனம் 1.27 மில்லிமீட்டர். மூளைத் திசுவுக்கு வலியறியும் சக்தி இல்லையாதலால் நோயாளி விழித்தே இருக்கிறார். நுண்முனை இறங்க இறங்க, அணுக்களின் மின்துடிப்பு ஒலிபெருக்கியில் கேட்கிறது. சற்றே அமைதியாக இருந்த இடத்தைக் கடந்ததும் தகரக்கூரையில் பெருமழை விழுந்தாற்போல் ஓர் இரைச்சல். இலக்கு வந்துவிட்டது. “கையைத் தூக்குங்க ஐயா, விரலை மடக்கி விரிங்க” என்கிறார் வைத்தியர். மின்சாரம் பாய்கிறது. பத்து வருஷமாக ஓயாமல் ஆடிய கை, தன்னை யாரோ பெயர்சொல்லி அழைத்ததுபோல, நின்றுவிடுகிறது.

அப்புறம் கழுத்தெலும்பின் கீழே தோலுக்கடியில் ஒரு பாட்டரிக் கருவி. அதிலிருந்து காதுக்குப் பின்புறமாக மேலேறும் கம்பி. வினாடிக்குச் சுமார் 130 முறை துடிக்கும் மின்சாரம். நோய் குணமாகிவிடவில்லை, அணுக்களின் அழிவும் நிற்கவில்லை. ஆயினும் நடுக்கமும் விறைப்பும் நெளிவும் பெரிதும் அடங்குகின்றன. மாத்திரையின் அளவைப் பலருக்குப் பாதிவரை குறைக்க முடிகிறது.

வரவு அப்படியே, செலவு குறைவு

வீடு திரும்பியவர் தம் கையாலேயே டம்ளரைத் தூக்கிக் காப்பி குடிக்கிறார். சட்டைப் பொத்தானைத் தாமே போட்டுக்கொள்கிறார். முதல் மாதத்தில் பெல்ட்டின் கடைசித் துளையிலிருந்து கொக்கி ஒரு துளை வெளியே வருகிறது; வீட்டில் சந்தோஷம். மூன்றாம் மாதத்தில் இன்னொன்று. ஆறாம் மாதத்தில் கடையில் வாங்கியபோதிருந்த பழைய துளை. ஓராண்டு முடியும்போது அந்தத் துளையும் போதாமல், இந்த முறை மறுபக்கத்தில் ஒரு புதிய துளை குத்துகிறார். 54 கிலோவில் அறுவைக்குப் போனவர் இப்போது 65. கணக்கு கற்பனையானாலும் அசாத்தியமானதன்று. சப்தாலமிக் உட்கருவில் தூண்டல் பெற்றவர்களில் பெரும்பாலோர் எடை கூடுகிறார்கள் என்று பல நாடுகளின் ஆராய்ச்சிகள் தெரிவிக்கின்றன. சிலருக்கு இரண்டு மூன்று கிலோ. சிலருக்குப் பத்தையும் எட்டுகிறது. ஏற்றம் வேகமாக இருப்பது முதற்சில மாதங்களில். பலருக்கு ஓராண்டுக்குப் பின் அது நிலைகொள்கிறது; சிலருக்குத் தொடர்கிறது.

காரணங்களுள் முதலாவது, ஒரு மளிகைக்கடைக்காரருக்கும் விளங்கக்கூடியது. உடம்பின் சக்தியை ஒரு குடும்பத்தின் பணமாக எண்ணிக்கொண்டால், நடுக்கமும் விறைப்பும் நெளிவும் அந்தக் குடும்பத்தில் சும்மா உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த வேண்டாத விருந்தாளிகள். சிகிச்சைக்குப் பின் ஒரே நாளில் அவர்கள் வெளியேறிவிடுகிறார்கள். ஆனால் உலையில் போடுகிற அரிசியின் அளவை யாரும் குறைப்பதில்லை. மிஞ்சுகிற சக்தி தினந்தோறும் இரண்டு இட்டிலியின் அளவு, ஏறத்தாழ 100 கலோரி, என்றே வைத்துக்கொள்வோம், ஆண்டுக்கு 36,500. ஒரு கிலோ கொழுப்பில் சுமார் 7,700 கலோரி அடங்குகிறதாதலால், காகிதக் கணக்கில் அது நாலரைக் கிலோவுக்கு மேல். உடம்பு காகிதமன்று, தன்னைத்தானே ஓரளவு சரிசெய்துகொள்ளும் என்பது மெய்யே. ஆயினும் அதிகமாக ஒரு கவளமும் உண்ணாமலே ஒருவர் எப்படிப் பருக்க முடியும் என்ற கேள்விக்கு இந்தக் கணக்கில் விடை இருக்கிறது.

இதைப் பரிசோதித்தும் பார்த்திருக்கிறார்கள். பிரான்ஸில் கிளெர்மோன்-ஃபெரான் நகர ஆராய்ச்சியாளர்கள், 17 ஆண்களும் 7 பெண்களுமாக 24 நோயாளிகளை, அறுவைக்கு முன்னும் மூன்று மாதம் கழித்தும், சுவாசத்தைக் கொண்டு உடம்பின் சக்திச் செலவை அளக்கிற தனியறையில் தங்கவைத்து அளந்தார்கள். 2007இல் வெளியான அவர்களுடைய முடிவின்படி, அந்த மூன்று மாதத்துக்குள் ஆண்களுக்குச் சராசரியாக 3.4 கிலோவும் பெண்களுக்கு 2.6 கிலோவும் எடை கூடியிருந்தது. ஆண்களின் அன்றாடச் சக்திச் செலவு குறைந்திருந்தது. பெண்களுக்குக் கூடிய எடை பெரிதும் கொழுப்பாகவே இருந்தது. பெண்களிடம் செலவில் அத்தகைய குறைவு தென்படாமை, விருந்தாளிகள் வெளியேறினார்கள் என்ற ஒரு காரணத்தோடு விஷயம் முடியவில்லை என்பதையும் உணர்த்துகிறது.

பசியின் ஸ்தானம்

இரண்டாவது காரணத்தைத் தேடி மூளைக்குள்ளேயே போகவேண்டும். 1951ஆம் ஆண்டில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஜான் புரோபெக் என்பவரோடு சேர்ந்து ஆராய்ந்துகொண்டிருந்த பால் கிருஷ்ண ஆனந்த் என்ற இந்திய விஞ்ஞானி, எலிகளின் மூளையடியில் ஹைப்போதலாமஸ் என்னும் பகுதியின் பக்கவாட்டில் ஒரு சிறு இடத்தை அழித்தபோது, அவை எதிரே உணவு குவிந்திருந்தும் உண்ணாமல் பட்டினி கிடப்பதைக் கண்டார். பசியின் ஸ்தானம் கண்டுபிடிக்கப்பட்டது அப்போதுதான். அந்த ஆனந்தே பின்னர் புதுதில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் உடலியல் துறையை நிறுவினார். நம் காராமணிக்கும் இந்தப் பசி ஸ்தானத்துக்கும் இடையே உள்ள தூரம் சில மில்லிமீட்டர்களே. வயலுக்குப் பாய்ச்சிய நீர் வரப்பு கசிந்து அடுத்த வயலை நனைப்பதுபோல, உட்கருவுக்கென்று செலுத்திய மின்சாரம் சற்றே பரவிப் பசியின் வழிகளையும் தீண்டக்கூடும் என்று நிபுணர்கள் அநுமானிக்கிறார்கள். மேலும் அந்த உட்கருவின் வேலை கைகால்களை ஆள்வதோடு நிற்பதில்லை. அதன் ஒரு பகுதி ஆசைக்கும் ஆவலுக்கும் உரிய பாதைகளோடு பிணைந்திருக்கிறது. இனிப்பின்மேல் முன்பில்லாத நாட்டம் பிறந்தது என்று சில நோயாளிகள் சொல்வதை வெறும் சபலம் என்று தள்ளிவிடலாகாது.

இதற்கு எதிர்வாதமும் உண்டு. உட்கருவைத் தொடாமல் குளோபஸ் பாலிடஸ் என்ற வேறொரு பகுதியைச் சுட்ட பழைய அறுவையிலும், அங்கே மின்முனை வைக்கிற இன்றைய முறையிலும்கூட நோயாளிகள் எடை கூடியதாக ஆராய்ச்சிகள் உள்ளன. உட்கருச் சிகிச்சையில் ஏற்றம் அதிகம், மற்றதில் குறைவு என்பதே பொதுவான போக்கு. ஆகவே சக்திச் செலவின் குறைவு இரண்டுக்கும் பொது, பசி வழிகளின் கிளர்ச்சி உட்கருவுக்கு விசேஷம் என்று கொள்வது பொருத்தமாகத் தோன்றுகிறது. மாத்திரை குறைவதால் குமட்டல் நீங்குவதும், மனச்சோர்வு விலகுவதும், கவளம் சிந்தாமல் வாய்க்குப் போவதும் இவற்றோடு சேர்ந்துகொள்கின்றன. கட்டுக்கடங்காமல் தின்னத் தூண்டுவது சில பார்க்கின்சன் மாத்திரைகளின் பக்கவிளைவுகளுள் ஒன்றாகையால், அதையும் வைத்தியர் விசாரித்தறிய வேண்டும்.

“இன்னும் ரெண்டு போட்டுக்குங்க”

இதுகாறும் சொன்னவை எல்லா தேசத்துக்கும் பொது. இனிச் சொல்வது நம் வீட்டுக்கே உரியது. பத்து வருஷம் ஊட்டிவிட்ட மனைவிக்கு, தம் கையாலேயே பிசைந்து உண்கிற கணவனின் இலையைப் பார்ப்பதைவிடப் பெரிய பாக்கியம் ஏது? “இன்னும் ரெண்டு போட்டுக்குங்க, எவ்ளோ நாளாச்சு நீங்க இப்டி துன்னு” என்று அவள் தோசையை வைக்கும்போது, அதை மறுக்கிற கல்நெஞ்சம் யாருக்கு உண்டு? பார்க்க வருகிற பந்துக்கள் வெறுங்கையோடு வருவதில்லை. கல்யாண வீடுகளுக்குப் போகத் தயங்கியவர் இப்போது எல்லாவற்றுக்கும் போகிறார்; ஆம்பூர்ப் பக்கத்துக் கல்யாணம் என்றால் சீரகச்சம்பா பிரியாணியும் கத்திரிக்காய்த் தொக்கும் இல்லாமலா? எதிர்வீட்டுக்காரர் திண்ணையிலிருந்தே கூவுகிறார்: “இன்னாண்ணே, ஆப்ரேசனுக்கு அப்புறம் ஒடம்பு சூப்பரா தேறிடுச்சே!” இவர்களில் ஒருவரும் குற்றவாளியல்லர். நோய் கொண்டுபோனதை அன்பு திருப்பித் தர முயல்கிறது. எங்கே நிறுத்துவது என்பது மட்டும் அதற்குத் தெரிவதில்லை.

நிறுத்தவேண்டிய இடத்தை எண்களால் சொல்லலாம். இளைத்தவர் தம் பழைய எடைக்குத் திரும்புவது நன்மையே; எலும்பும் தோலுமாக இருந்தவருக்கு அது பலமுங்கூட. அதற்கு மேற்பட்டதுதான் சுமை. இந்தியர்களுக்கென்று நிபுணர்கள் வகுத்த அளவின்படி, 165 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவர் சுமார் 63 கிலோவைத் தாண்டினால் மிகை எடை. 68 கிலோவைத் தாண்டினால் பருமன். சென்னையிலுள்ள நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நடத்திய ஆய்வு, நாட்டில் நீரிழிவுடையவர்கள் 10 கோடிக்கு மேல் என்று 2023இல் தெரிவித்தது. அப்படிப்பட்ட தேசத்தில், ஐம்பது வயதைக் கடந்த ஒருவருக்கு ஓராண்டில் வயிற்றைச் சுற்றிப் பத்துக் கிலோ கொழுப்பு ஏறுவது அற்ப விஷயமன்று. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் ஏறலாம். குறட்டையும் மூச்சுத் தடையும் தூக்கத்தைக் கெடுக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, நடையின் சமநிலை ஏற்கெனவே தளர்ந்த ஒருவருடைய முழங்கால்கள் அந்தப் பாரத்தைச் சுமக்க நேரும். நடுக்கத்திலிருந்து மீட்ட கால்களை எடைக்குப் பறிகொடுப்பது, ஒரு கடனை அடைத்துவிட்டு அதே பத்திரத்தில் இன்னொரு கடன் வாங்குவதுபோலத்தான்.

பரிகாரம் கடினமானதன்று; அறுவைக்கு முன்பே ஆரம்பிக்கவேண்டும் என்பதே அதன் இரகசியம். எடை கூடும் என்ற விஷயத்தை நோயாளிக்கும், சமையலறையை ஆள்பவருக்கும் சேர்த்தே முன்கூட்டிச் சொல்ல வேண்டும். மனைவிக்குச் சொல்லாமல் கணவருக்கு மட்டும் சொன்ன பத்தியம் எந்த வீட்டிலும் நிலைத்ததில்லை. வீடு திரும்பிய முதல் வாரத்திலிருந்தே, ஏறியபின் இறக்குவோம் என்றிராமல், சோற்றின் பங்கைச் சற்றே குறைத்து, கீரையையும் காயையும் பயற்றையும் கூட்டலாம். ஜவ்வாது மலைச் சாமை ஆலங்காயத்தாருக்கு அண்டைவீட்டுத் தானியம்; ஆனால் அரிசிச் சோற்றின்மேல் சாமைச் சோற்றையும் உண்டால் பலனில்லை, ஒன்றின் இடத்தில் மற்றொன்று என்பதே விதி. லெவோடோபா மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரைமணியாவது முன்னதாக எடுத்துக்கொள்வது நலம். பருப்பு, முட்டை, இறைச்சி ஆகியவற்றின் புரதம் குடலில் அதனோடு போட்டியிடும். அதற்காகப் புரதத்தையே விலக்கினால் கொழுப்பு நிற்கும், தசை கரையும். எந்த வேளைக்கு எவ்வளவு என்பதை வைத்தியரையும் உணவு நிபுணரையும் கேட்டுத்தான் அமைக்கவேண்டும். பட்டினி கிடப்பதும், கருவியின் அளவைக் குறைத்தால் எடை குறையுமோ என்று எண்ணுவதும் ஆகாது. திரும்பக் கிடைத்த கால்களுக்கு ஏற்ற முதல் பத்தியம் தினம் அரைமணி நடை. பத்து வருஷமாக மறுக்கப்பட்டிருந்த சுகத்தை, மருந்தென்ற பெயரில் அநுபவிக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்காது.

எடை பார்த்த பின்பே

தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர் எவரைக் கேட்டாலும் ஒன்று சொல்வார். பச்சைத் தோல் வந்து இறங்கியதும் ஓர் எடை. சுண்ணாம்பில் ஊறி மயிரும் சதையும் நீங்கிய பின் ஓர் எடை. குரோம் ஏற்றிக் கனம் சீவிய பின் ஓர் எடை. நூற்றுக்கு இத்தனை என்று அந்தந்த எடைக்குக் கணக்கிட்டபிறகே அடுத்த டிரம்மில் தண்ணீரும் மருந்தும் விழும். பழைய எடையை வைத்துப் புதிய கட்டத்துக்கு மருந்து போட்டால் தோல் கெட்டுவிடும் என்பது அங்கே நேற்றுச் சேர்ந்த பையனுக்கும் தெரியும். மாட்டுத்தோலுக்குக் கட்டத்துக்குக் கட்டம் எடை பார்க்கிற ஊர், பத்து வருஷத்து நோயிலிருந்து வேறொரு கட்டத்துக்கு வந்துவிட்ட மனிதனை மட்டும் கண்ணால் நிறுத்துப் பழைய அளவிலேயே இலையில் பரிமாறிக்கொண்டிருக்கலாமா?

ஆகவே அந்தத் தொழிலாளியின் வீட்டில், மாத்திரை நேரங்களை எழுதிவைத்திருக்கும் நோட்டின் கடைசிப் பக்கத்தில், ஞாயிறுதோறும் காலையில் ஓர் எண் ஏறவேண்டும் என்று விரும்புகிறேன். எழுதுகிற கை அவருடையதாகவே இருக்கட்டும். நடுங்காமல் எழுத வருகிறதல்லவா? பெல்ட்டில் வேறொரு துளை குத்த ஊசியைத் தேடும் நாள் வருமுன், அந்தப் பக்கத்தை அவர் ஒருமுறை புரட்டிப் பார்த்துக்கொள்வார்.